பஸ் இட்வலின் மரக்கரண்டி

என் தம்பி இட்வல் முப்பது வருடமாக எங்கள் ஊர் ரக்பி கிளப்பை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கார்டிஃபுக்குப் போய் வருகிறான். இத்தனை வருடத்தில் ஒரு மேட்ச்கூட அவன் பார்த்ததில்லை. எங்களை மைதானத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, பஸ்ஸை ஆற்றோரமாக நிறுத்திவிட்டு, டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவான். டிக்கெட் வாங்கித் தருகிறேன் வாடா என்று நானே பல தடவை கெஞ்சியிருக்கிறேன். "பஸ்ஸ யாரு பாத்துக்கிறது?" என்பான். அந்த பஸ்ஸைத் திருடுகிறவன் அடுத்த மேடு ஏறுவதற்குள் கண்ணீரோடு திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவான். அப்படிப்பட்ட பஸ் அது.

ஆனால் ஸ்கோர் மட்டும் நாங்கள் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிடும். மேட்ச் முடிந்து நாங்கள் பாலத்தைத் தாண்டி வருகிற நடையைப் பார்த்தே கணக்குப் போட்டுவிடுவான். கதவைத் திறக்கும்போதே, "அஞ்சு பாயின்ட்ல போச்சா?" என்று கேட்பான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வேல்ஸில் பிறந்துவிட்டு இதற்குமேல் ரக்பி தெரிய வேண்டியதில்லை என்று அவனுக்கு நினைப்பு.

பஸ் இட்வல் என்றுதான் ஊரில் பெயர். எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் எவன்ஸ், மீதிப் பேர் பிரைஸ். தொழிலைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் யாரைக் கூப்பிடுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. ரொட்டி ஆல்வின், கசாப்பு மெரிட், கிளப்பில் பீர் ஊற்றிக் கொடுக்கிற நான் பார் நெஸ்டா. இட்வலுக்கு ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் அந்தக் காரியமே முடிந்து போயிருக்கும், அவ்வளவுதான்.

கஃபே ரோசால்பா விஷயமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் குடும்பம் இத்தாலியிலிருந்து வந்து எங்கள் ஊரில் காபிக் கடை போட்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ரோசால்பா பிறந்தது வளர்ந்தது எல்லாம் எங்கள் தெருவில். திட்டினால் அச்சு அசல் எங்கள் ஊர்த் திட்டு. கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகத் தனியாகத்தான் கடையை நடத்துகிறாள். வருடம் பூராவும் அவள் எங்களில் ஒருத்தி. பிப்ரவரியில் வேல்ஸும் இத்தாலியும் மோதுகிற ஆறு நாட்டு ரக்பிப் போட்டி தொடங்கியதும் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு இத்தாலிக்காரி ஆகிவிடுவாள். இட்வல் தினமும் பதினொரு மணிக்கு அவள் கடையில் டீ குடிப்பான். இருவரும் பேசிக்கொள்கிற மொத்தப் பேச்சு, "மழை வரும்போல." "வரும்." டீ ஆறும் வரை இருந்துவிட்டுப் போவான். அவன் கோப்பைக்கு மட்டும் அவள் தட்டில் ஒரு பிஸ்கட் வைப்பதை நான் கவனித்திருக்கிறேன். எனக்கு ஒருநாளும் வைத்ததில்லை.

இப்போது கரண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஆறு நாட்டுப் போட்டியில் கடைசியாக வருகிறவர்களுக்கு மரக்கரண்டி என்பது பேச்சு. உண்மையில் அப்படி ஒரு கரண்டியை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. எங்கள் ஊரில் மட்டும் கொடுப்பார்கள், ஏனென்றால் எங்கள் ஊரில்தான் கிளப் செயலாளர் ட்ரெவர் இருக்கிறான். வருடா வருடம் இத்தாலி கடைசியாக வரும். மறுநாள் ஞாயிறு காலை ட்ரெவர் கிளப் அடுக்களையிலிருந்து ஒரு மரக்கரண்டியை எடுத்து, சிவப்பு ரிப்பன் கட்டி, ரோசால்பா கடைக் கதவில் தொங்கவிட்டுவிட்டு வருவான். பிறகு கிளப்பில் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ரோசால்பா கரண்டியை எடுத்து உள்ளே வைத்துக்கொள்வாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். ட்ரெவருக்கு மட்டும் ஈஸ்டர் வரைக்கும் காபி ஆறிப்போய்த்தான் வரும்.

ஒரு தடவை அவளே என்னிடம் சொன்னாள்: "இந்த ஊர்லயே என்கிட்ட கரண்டியப் பத்திப் பேசாத ஒரே ஆம்பள உன் தம்பிதான் நெஸ்டா." அவன் எதைப் பற்றியுமே பேசுவதில்லை என்று சொல்ல வாய் வந்தது. நல்லவேளை அடக்கிக்கொண்டேன்.

அந்த வருடம் எங்களுக்கு வந்த கேடு காலத்தை என்னவென்று சொல்வது. முதல் மேட்சில் வேல்ஸ் தோற்றது. போகட்டும் என்றோம். இரண்டாவதிலும் தோற்றது, நடுவரைத் திட்டினோம். மூன்றாவதில் தோற்றபோது எங்களையே திட்டிக்கொண்டோம். நான்காவதிலும் தோற்ற பிறகு கிளப்பில் யாரும் யாரையும் திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இன்னொரு பக்கம் இத்தாலியும் நான்கிலும் தோற்றிருந்தது. கடைசி மேட்ச் கார்டிஃபில், வேல்ஸும் இத்தாலியும். தோற்கிறவனுக்குக் கரண்டி.

இட்வல் அந்த சீசன் முழுக்க ஒரு பேனாக் கத்தியை வைத்துக்கொண்டு எதையோ சீவிக்கொண்டிருந்தான். பஸ் தரையெல்லாம் மரத்தூள். "என்னடா இட்வல், பஸ்ஸுக்குள்ள முயல் வளக்கிறியா?" என்று ட்ரெவர் கேட்டான். இட்வல் காலால் தூளை ஓரமாகத் தள்ளினான். அவன் இடது கையில் ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு புது பிளாஸ்திரி ஏறிக்கொண்டே போனது. நான் கேட்டதற்கு, "ஒரு பிடி பண்றேன்," என்றான். எதற்குப் பிடி என்று கேட்காதது என் புத்தி கெட்ட நேரம்.

கடைசி மேட்ச் சனிக்கிழமை. வியாழக்கிழமை மதியம் ரோசால்பா கடைக்குப் போனேன். கதவில் 'மூடியிருக்கிறது' பலகை, ஆனால் உள்ளே அவள் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் திறந்தாள். முகம் சிவந்திருந்தது. கவுன்டரின்மேல் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு மரக்கரண்டி கிடந்தது.

"காலையில கதவுல தொங்குச்சு," என்றாள்.

"இந்த ட்ரெவருக்கு மேட்ச் முடியுற வரைக்கும்கூடப் பொறுமை இல்லையா?"

"ட்ரெவர் இல்ல. உன் தம்பி."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் கதவத் திறந்து இத எடுக்கிறேன், எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்குள்ள உக்காந்து என்னையே பாத்துட்டிருக்கான். பாத்துச் சிரிக்கிறான் நெஸ்டா! இத்தன வருஷத்துல அவன் பல்ல நான் பாத்ததே இல்ல. சிரிச்சிட்டு ஹாரன் வேற அடிக்கிறான்!"

கரண்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கடையில் வாங்கியதில்லை, கையால் செதுக்கியது, அதுவும் படுமோசமாக. பிடியின் மேலே ஒரு கோணல் முள்ளங்கி. அதன் கீழே ஒரு சக்கரம். அதற்கும் கீழே கம்பி கம்பியாக ஒரு கூண்டு, அதற்குள் இரண்டு பக்கமும் கூம்பிய ஒரு குட்டி ரக்பி பந்து. ஆட்டினால் கடகடவென்று உருண்டது.

"பாத்தியா?" என்றாள் ரோசால்பா. "பந்து கூண்டுக்குள்ள. இத்தாலி கைக்கு பந்தே வராதாம். சக்கரம் எதுக்கு? மூட்டையக் கட்டிட்டு பஸ் ஏறிப் போன்னு அர்த்தம். இந்த முள்ளங்கி என் தலையாம். ட்ரெவராவது கிளப் கரண்டியக் கொண்டாந்து கட்டுவான். இவன் உக்காந்து செதுக்கியிருக்கான்!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் மார்ச் மாதம், இத்தாலி மேட்சுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ரோசால்பா கதவில் சிவப்பு ரிப்பனோடு ஒரு கரண்டி தொங்கினால் எங்கள் பள்ளத்தாக்கில் எவனுக்கும் வேறு எதுவும் தோன்றாது. நேரே பஸ் நிலையத்துக்குப் போனேன். இட்வல் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான், அதுவும் விசிலடித்துக்கொண்டு.

"டேய், உனக்கு மூளை இருக்கா? அவள ஏண்டா இப்படி நோகடிக்கிற?"

"யார?"

"ரோசால்பாவ! கரண்டி கட்டித் தொங்கவிட்டிருக்கியே!"

"அவளுக்குப் பிடிக்கலையா?" என்றான். அவன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் நாட்டில் அந்தக் காலத்தில், 'என்னைக் கட்டிக்கொள்கிறாயா' என்று வாய்விட்டுக் கேட்கத் தைரியம் இல்லாத ஆண்கள் ஒரே கட்டையில் காதல் கரண்டி செதுக்கிக் கொடுப்பார்கள். இப்போதும் கார்டிஃபில் எல்லாப் பரிசுக் கடையிலும் வரிசையாகத் தொங்குகிறது. இதயம் என்றால் காதல். சக்கரம் என்றால் உனக்காக உழைப்பேன். கூண்டுக்குள் உருண்டை விட்டால், எத்தனை உருண்டையோ அத்தனை பிள்ளை.

"அட கூமுட்டை! அது இதயமாடா? முள்ளங்கி மாதிரி இருக்கு!"

"ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாச் சீவிட்டேன்."

"உருண்டைய உருண்டையாச் செதுக்கத் தெரியாதா? ரக்பி பந்தக் கொண்டுபோய் வச்சிருக்க! அதுவும் இந்த வாரத்துல! அதுவும் கதவுல, சிவப்பு ரிப்பனோட! ட்ரெவர் வருஷா வருஷம் என்ன பண்றான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே," என்றான். அப்படியே நின்றான். கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் அவன் ஷூவிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க அவனுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. "ஐயோ," என்றான்.

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றான். எப்போது என்றேன். "யோசிச்சிட்டுச் சொல்றேன்," என்றான். அந்தக் குழாயைப் பிடுங்கி அவன் தலையிலேயே அடித்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப்புக்கு வந்தான். பார் ஓரமாக உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் என்னிடம் சொன்னான்: "நெஸ்டா, நாளைக்கு இத்தாலி ஜெயிக்கணும்."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அந்தக் கிளப்பில் அந்த வாக்கியத்தை அதுவரை யாரும் சொன்னதில்லை. "வாய மூடு, எவனாச்சும் கேட்டான்னா உன்னப் பொலி போட்டுருவான்," என்றேன்.

"இத்தாலி தோத்தா ஞாயித்துக்கிழம ட்ரெவர் இன்னொரு கரண்டியக் கொண்டுபோய்க் கட்டுவான். ரெண்டும் ஒண்ணாத்தான் அவளுக்குத் தெரியும். அதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் எடுபடாது. நேத்து நீ சொன்னப்புறமும், இன்னிக்கும் டீ குடிக்கப் போனேன். கதவத் திறக்கல." பிறகு, "ஒன்பது வருஷம் யோசிச்சேன் நெஸ்டா," என்றான்.

அவன்மேல் வந்த கோபத்தில் அவனுக்கு ஒரு பீர் இலவசமாக ஊற்றிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் எல்லோரும் சிவப்பு. ரோசால்பா மட்டும் நீலம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இத்தாலி கார்டிஃபுக்கு வரும்போது அவளும் எங்களோடு வருவாள், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதல் இருக்கை அவளுடையது. அன்று இட்வலின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். இட்வல் வழி முழுக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினான். இரண்டு ஆடுகள் தப்பியது கடவுள் புண்ணியம்.

அந்த மேட்சை நான் எப்படிப் பார்த்தேன் என்று யாரும் கேட்காதீர்கள். இந்தப் பக்கம் என் நாட்டு மானம், அந்தப் பக்கம் என் தம்பி கல்யாணம். வேல்ஸ் முன்னேறினால் வாய் கத்துகிறது, கை ஓடிவந்து வாயைப் பொத்துகிறது. இத்தாலி முன்னேறினால் கை தட்டப் பார்க்கிறது, வாய் அழுகிறது. "என்னாச்சு நெஸ்டா, உடம்பு சரியில்லையா?" என்று ட்ரெவர் கேட்டான். கடைசி நிமிடத்தில் நாங்கள் இரண்டு பாயின்ட் முன்னால் இருந்தோம். இத்தாலிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, உதை போய்விட்டால் மூன்று பாயின்ட். நல்ல தூரம். அவர்கள் பையன் பந்தை நிறுத்தி வைத்தான், பின்னால் போனான், உதைத்தான். அத்தனை ஆயிரம் பேர் 'போகாதே' என்று வேண்டிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன். கம்பத்துக்கு நடுவில் போய்விட்டது. வரலாற்றிலேயே எங்களுக்கு இப்படி ஒரு சீசன் வந்ததில்லை என்று எனக்குப் பின்னால் ஒருவர் அழுதார். நானும் அழுதேன். எதற்கென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

பாலத்தைத் தாண்டி நாங்கள் பிணத்துக்குப் பின்னால் வருகிறவர்களைப் போல வந்தோம். இட்வல் பஸ் வாசலில் நின்று நடையைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான், எங்களுக்குப் பின்னால் தலை நிமிர்ந்து வருகிற நீலச் சட்டையைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"பல்ல மூடுடா, அடி வாங்குவ," என்று சொல்லிக்கொண்டே ஏறினேன்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். ரோசால்பா கடைசியாக ஏறினாள். இடத்துக்குப் போகவில்லை. டிரைவர் பக்கத்திலேயே நின்று, கொக்கியிலிருந்து மைக்கை எடுத்தாள். இட்வல் அதைச் சாதாரணமாகக் கழிவறைக்கு நிறுத்தும் இடத்தைச் சொல்லத்தான் பயன்படுத்துவான்.

"பெரியோர்களே, தாய்மார்களே," என்றாள். "இத்தன வருஷமா என் கடைக் கதவுக்கு நீங்க பண்ணின மரியாதைய நான் மறக்கல. இந்த வருஷம் ஆறு நாட்டுப் போட்டியில கடைசியா வந்தவங்களுக்கு நானும் ஒரு மரியாத பண்ணலாம்னு இருக்கேன்." கைப்பையைத் திறந்து கரண்டியை எடுத்தாள். ரிப்பன் அப்படியே இருந்தது. இட்வல் முன் நீட்டினாள். "இந்தா. உன் கையால செஞ்சது உன் வீட்டுலயே இருக்கட்டும்."

இட்வல் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. "வேண்டாம்," என்றான்.

"ஏன், எனக்கு மட்டும்தான் தொங்கவிடுவியா?"

"இது அந்தக் கரண்டி இல்ல, ரோசால்பா."

"வேற எந்தக் கரண்டி?"

"மத்தது."

மைக் அவள் கையில் திறந்தே இருந்தது. அவன் மூச்சு விடுவதுகூடக் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ரோசால்பா கரண்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அப்ப இந்த முள்ளங்கி?"

"இதயம்."

"சக்கரம்?"

"உனக்காக உழைப்பேன்னு."

"கூண்டுக்குள்ள இந்த ரக்பி பந்து?"

இட்வலின் காது இரண்டும் எங்கள் சட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. "அது பந்து இல்ல," என்றான். "குழந்தை."

ட்ரெவரின் குரல் பின்னாலிருந்து வந்தது: "ஒண்ணோட ஏண்டா நிறுத்திட்ட இட்வல்? பதினஞ்சு போட்டிருந்தா ஒரு நல்ல டீமாச்சும் கிடைச்சிருக்குமே நமக்கு!"

பஸ்ஸே குலுங்கியது. அத்தனை துக்கத்தையும் நாங்கள் அந்த ஒரு சிரிப்பில் இறக்கி வைத்தோம். அழுதுகொண்டே சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். ரோசால்பா மட்டும் சிரிக்காமல் நின்றாள்.

"எனக்கு அம்பத்தாறு வயசு ஆச்சு," என்றாள் மெதுவாக. மைக்கில் அதுவும் கேட்டது.

"தெரியும்," என்றான் இட்வல். "கூண்டச் செதுக்கிட்டேன். உள்ள காலியா இருந்துச்சு. பாக்க நல்லா இல்ல."

சிரிப்பு அடங்கிவிட்டது. ரோசால்பா கரண்டியை லேசாக ஆட்டினாள். உள்ளே அந்தக் குட்டி உருண்டை ஒரு தடவை கடகடத்தது. அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

"எப்பச் செதுக்கின?"

"நீங்கள்லாம் மேட்ச் பாக்கப் போனப்ப. சீசன் பூரா."

"யோசிச்சு முடிச்சிட்டியா? இல்ல இன்னும் பாக்கி இருக்கா?"

"முடிச்சிட்டேன்."

"அப்ப நானும் முடிச்சிட்டேன். வண்டிய எடு," என்று சொல்லி முதல் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கரண்டி எங்களுக்குத்தானே? இப்படிக் குடு," என்றான் ட்ரெவர்.

"போடா," என்றாள் ரோசால்பா, மைக்கிலேயே. "ஜெயிச்சிட்டுக் கரண்டியோட வீட்டுக்குப் போறது நான் ஒருத்திதான். இத எவனுக்கும் தர மாட்டேன்."

அன்று ஊர் வந்து சேரும் வரைக்கும் பாடிக்கொண்டே வந்தோம். தோற்றுவிட்டு அப்படிப் பாடிய பஸ் கார்டிஃப் ரோட்டில் அதற்கு முன்னால் போயிருக்காது. ஞாயிறு காலை நான் கிளப்பைத் திறக்கப் போனேன். கதவில் கைப்பிடியே தெரியவில்லை. ட்ரெவர் இத்தனை வருடமாகக் கொண்டுபோய்க் கட்டிய கரண்டிகள் அத்தனையும், அதே சிவப்பு ரிப்பன்களோடு, சரம் சரமாகத் தொங்கின. ஒன்றைக்கூட அவள் தொலைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடி இத்தாலி கார்டிஃபுக்கு வந்தது. அதற்குள் கல்யாணம் முடிந்து இட்வல் கஃபே மாடிக்குக் குடிபோயிருந்தான், முள்ளங்கிக் கரண்டி காபி மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்கியது. ரோசால்பா இரண்டு டிக்கெட் வாங்கி வந்தாள்.

"பஸ்ஸ யாரு பாத்துக்கிறது?" என்றான் இட்வல்.

"எவனாச்சும் திருடிட்டுப் போகட்டும். நட," என்றாள்.

நடந்தான். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக உள்ளே உட்கார்ந்து ஒரு முழு மேட்ச் பார்த்தான். வெளியே வரும்போது நான் கூட்டத்தில் அவர்களைத் தவறவிட்டுவிட்டேன், பஸ்ஸடியில்தான் பிடித்தேன். கடைசி உதையை என் முன்னால் இருந்த தடியன் எழுந்து நின்று மறைத்துவிட்டான்.

"டேய், முடிவுல என்ன ஸ்கோர்?" என்று கேட்டேன்.

என் தம்பி ரோசால்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வெகுநேரம் யோசித்தான்.

"கவனிக்கல," என்றான்.